ஸ்லோவில் நூரும் பைக்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு: ஓடும்போது குறையில்லை, அக்சிலேற்றரை விட்டு ஸ்லோவுக்கு (அக்சிலேற்றர் கொடுக்காமல் எஞ்சின் தானாக ஓடும் நிலைக்கு) வந்தவுடன் பைக் நூர்ந்துவிடுகிறது, அதாவது எஞ்சின் நின்றுவிடுகிறது. மற்றக் கேள்விகளை அடுத்த முறை பார்ப்போம். பதிலை வாசித்துவிட்டுக் கையை வைக்குமுன் இரண்டு விஷயம். பெற்றோல் வேலையைப் பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் செய்யுங்கள்; குப்பி விளக்கோ பீடியோ பக்கத்தில் இருக்கக்கூடாது. மற்றது, ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது.

என்ர பைக் ஸ்லோவில் நிக்குதில்லை. என்ன காரணம்? (கிளிநொச்சி)

என்ன பைக், காலைக் குளிரில் நூருகிறதா, பத்துக் கிலோமீற்றர் ஓடிச் சூடேறிய பிறகா, ஒன்றுமே எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை இதைச் செய்து பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது சோக்கை (காற்றைக் குறைக்கும் பிடியை) அரைவாசி இழுங்கள். ஸ்லோ நிதானத்துக்கு வந்தால் பெற்றோல் காணாது, அல்லது எங்கோ கள்ளக் காற்று (கசிவால் நுழையும் காற்று) உள்ளே போகிறது. இன்னும் மோசமாகி சைலன்சரில் கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் கூட. இரண்டுமில்லை என்றால் காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதியை) தொடாமல் பிளக், டப்பெற் (வால்வு இடைவெளி) பக்கம் போங்கள். ஒரு நிமிடப் பரிசோதனை இது. இதைச் செய்யாமல்தான் பலர் காபரேற்றரை மூன்று தரம் கழற்றுகிறார்கள்.

2006ஆம் ஆண்டு ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர். மிக்சர் ஸ்குறூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை. அக்சிலேற்றரை விட்டால் நூருது. (புதுக்குடியிருப்பு)

ஒழுங்கான கடிதம். விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ஸ்குறூ ஆள்வது ஸ்லோவுக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெற்றின் (துளையிட்ட சின்னப் பித்தளைத் திருகின்) பாதையை மட்டும்தான். திருப்பியும் மாற்றமில்லை என்றால் பாதை அடைபட்டிருக்கிறது. அல்லது அடைப்பை மறைக்க யாரோ ஸ்லோ ஸ்குறூவை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

பெற்றோல் ரப்பைப் பூட்டி, காபரேற்றர் கோப்பையில் உள்ள பெற்றோலை வடித்துவிட்டுக் கோப்பையைக் கழற்றுங்கள். நடுவில் நிற்பது மெயின் ஜெற். பக்கத்தில் ஒடுக்கமான குழிக்குள் இருப்பது பைலட் ஜெற். பித்தளை மெதுவானது, ஆகவே வெட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்குறூட்றைவரால்தான் கழற்ற வேண்டும். சின்னது போட்டால் வெட்டு உடைந்து உள்ளேயே நின்றுவிடும். கழற்றியதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 38 என்று அடித்திருந்தால் துளை 0.38 மில்லிமீற்றர்தான். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தாலும் அடைப்புத்தான். ஒரு இரவு பெற்றோலில் ஊறவிட்டு, மின்சார வயரில் உரித்த ஒற்றைச் செப்பு இழையால் குத்துங்கள். தையல் ஊசி வேண்டாம், உருக்குக் கம்பி வேண்டாம். துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் அந்த ஜெற் குப்பைக்குத்தான். பிறகு ஸ்குறூவையும் வெளியே எடுத்து, ரயருக்குக் காற்றடிக்கும் கடையில் எல்லாப் பாதைகளுக்குள்ளும் காற்றடியுங்கள். அதற்கு முன் புளோட்டையும் (மிதவை) றப்பர்களையும் கழற்றி வைக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது மிக்சர் ஸ்குறூவை மெல்லத் தொடும்வரை மூடி (இறுக்கினால் நுனி முறியும்) ஒன்றரை முதல் இரண்டு சுற்றுத் திறந்துவிடுங்கள். பத்து நிமிடம் ஓடிச் சூடாக்கி, கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி எஞ்சின் ஆகக் கூட இரைகிற இடத்தைப் பிடியுங்கள். அதற்குப் பிறகே ஸ்லோ ஸ்குறூவால் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்ற அளவுக்கு இறக்குங்கள். நல்ல இடம் மூன்று சுற்றுக்கும் அப்பால்தான் வருகிறது என்றால் பாதை இன்னும் சுத்தமில்லை, அல்லது கள்ளக் காற்று இருக்கிறது.

ஒரு குறிப்பு: மிக்சர் ஸ்குறூ எயார் பில்டர் (காற்று வடிகட்டி) பக்கமாக இருந்தால் அது காற்றை ஆள்கிறது, மூடினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கமாக இருந்தால் திறந்தால்தான் கூடும். இதைப் பார்க்காமல் திருப்ப வேண்டாம்.

நாலைந்து கிலோமீற்றர் ஓடினால் நூருது. கொஞ்சநேரம் நிப்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் ஆகுது. (ஒட்டுசுட்டான்)

நூர்ந்தவுடன் பெற்றோல் தாங்கி மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. முற்றத்தில் கன நாள் நிற்கும் பைக்கில் குளவி மண் வைத்து அடைப்பது இங்கே சாதாரணம். துளையைக் குத்தித் திறந்து, மண் தாங்கிக்குள் விழாமல் துடையுங்கள். மூடியில் பிழையில்லை என்றால் காபரேற்றரில் இருந்து பெற்றோல் பைப்பைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவாவது வர வேண்டும். போத்தலின் அடியில் தனியாகக் கண்ணாடி போலத் தண்ணீர் நின்றால் தாங்கியையும் காபரேற்றர் கோப்பையையும் முழுவதும் வடியுங்கள். மாரிக்குப் பிறகு இதை எல்லோருமே ஒருக்கால் பார்ப்பது நல்லது.

கராச்சில் எயார் பில்டரைக் கழற்றிவிட்டினம், இழுவை கூடும் எண்டு சொன்னவை. இழுவை கூடினமாதிரித்தான் இருக்கு. ஆனால் படலையில நிப்பாட்டினால் நூருது. ஸ்லோவை எவ்வளவு கூட்டலாம்? (துணுக்காய்)

கூட்டவே வேண்டாம். பில்டரைத் திரும்பப் போடுங்கள், இன்றைக்கே.

இதை எத்தனை தரம் எழுதியாயிற்று. கூடியது இழுவை இல்லை, இரைச்சல். ஜெற் அளவுகள் எல்லாம் பில்டர் பெட்டியோடு சேர்த்துக் கணக்கிட்டவை. பில்டர் இல்லாவிட்டால் காற்றுக் கூடும், பெற்றோல் பழைய அளவிலேயே வரும், கலவையில் பெற்றோல் காணாமல் போகும். ஸ்லோவில் நூருவதும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதும், அக்சிலேற்றரை விடும்போது சைலன்சர் வெடிப்பதும் அதனால்தான். அதற்கு ஸ்லோவைக் கூட்டுவார்கள். பிறகு ஜெற்றைப் பெருப்பிப்பார்கள். கடைசியில் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய சேதம் தூசி. சோளகக் காற்றுத் தொடங்கினால் வன்னியின் கிரவல் வீதிகளில் முன்னால் ஒரு ரிப்பர் போனாலே பின்னால் வருகிறவரின் புருவம் சிவந்துவிடும். அந்த மண் பில்டர் இல்லாத காபரேற்றருக்குள் நேரே போகிறது. சந்தேகமென்றால் காபரேற்றரின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் உரசிப் பாருங்கள். அந்த நெறுநெறுப்பு ஒயிலோடு கலந்தால் வால்வு தேய்க்கும் பசை மாதிரி வேலை செய்யும். பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவருக்கும் (போர்) நடுவில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தரம் அது மேலும் கீழும் உரசுகிறது. பிஸ்டன் றிங் தேயும், கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அமுக்கம்) இறங்கும், நீலப் புகை வரும். கொம்பிரஷன் இறங்கின எஞ்சின் எந்த ஸ்குறூவுக்கும் ஸ்லோவில் நிற்காது. பிறகு 0.25 மில்லிமீற்றர் பெருப்பித்துப் போர் வெட்டி, புதுப் பிஸ்டன், புது றிங் போடவேண்டும். சில நூறு ரூபா பில்டரை எறிந்ததற்கு இவ்வளவு செலவு.

பில்டரைப் பராமரிப்பதும் கஷ்டமில்லை. ஸ்பொஞ் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தி, இரண்டு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயிலை ஊற்றிப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்து எடுங்கள். காய்ந்த ஸ்பொஞ் மண்ணைப் பிடிக்காது. ஒயில் சொட்டுகிற ஸ்பொஞ் காற்றை விடாது. கடதாசி பில்டர் என்றால் ஒயில், தண்ணீர் இரண்டும் ஆகாது. உள்ளேயிருந்து வெளியே மெல்லக் காற்றடித்தால் போதும். கோடையில் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் பாருங்கள். கடதாசி பில்டரைப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றரில் பாதியிலேயே மாற்றுங்கள். அந்தக் கணக்குக் கிரவல் வீதிக்குப் போட்டதில்லை. பில்டர் பெட்டிக்கும் காபரேற்றருக்கும் நடுவில் உள்ள றப்பர் கிழிந்திருந்தால் புதுப் பில்டராலும் பயனில்லை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அப்படி ஓடியிருந்தால் கொம்பிரஷன் பாருங்கள். அக்சிலேற்றரை முழுக்கத் திறந்துபிடித்து உதைக்கும்போது 150 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் நல்லது. 110க்குக் கீழே என்றால் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு.

ஹொண்டா சி.டி. 200. ஸ்லோவில் இருமுது, பிறகு நூருது. ஓடும்போது பலமும் குறைவு. (வவுனியா)

இரட்டைச் சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. ஸ்ரார்ட் பண்ணி ஒரு நிமிடத்தில் இரண்டு சைலன்சர் பைப்பின் கழுத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கையால் தொடவேண்டாம். சொட்டு ஆவியாகாமல் வழிகிற பக்கம்தான் பிழை. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழையும் இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் அந்தப் பக்கத்துப் பிளக் தொப்பி, பிறகு டப்பெற்.

2022இல் கியூ.ஆர். காட்டிப் பங்கீட்டுப் பெற்றோல் எடுத்த காலத்தில் கானில் சேர்த்து வைத்த பெற்றோல் மூன்று லீற்றர் இருக்கு. வீணாக்க மனமில்லை, ஊத்தலாமா? (முள்ளியவளை)

ஊற்ற வேண்டாம். ஸ்ரார்ட்டுக்கு உதவுகிற இலகுவான பகுதி எப்போதோ ஆவியாகிவிட்டது, மிச்சம் பைலட் ஜெற்றில் பசையாகப் படியும். செயின் கழுவப் பாவியுங்கள், முற்றத்தில் வைத்து.

பெற்றோலுக்குள் மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தால் என்ன? பொருளாதாரத் தடைக் காலத்தில் அதிலதானே ஓடினது. (விசுவமடு)

பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது வேறு வழியில்லாததால். ஓடிய எஞ்சின்களின் பிஸ்டன் தலையில் கரி மொத்தமாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேண்டும். ஸ்லோவில் அந்தச் சூடு காணாது, அதனால் நூரும். எரியாதது றிங்கால் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் அளவுக் கம்பியை எடுத்து மணந்து பாருங்கள், மட்டம் ஏறி மண்ணெண்ணெய் மணத்தால் உடனே ஒயிலை மாற்றுங்கள்.

டப்பெற் சத்தம் கேட்குது எண்டு இறுக்கினனாங்கள். இப்ப சத்தமே இல்லை. ஆனால் சூடேறினால் ஸ்லோவில் நிக்காது, உதைக்கவும் லேசாப் போகுது. (மாங்குளம்)

சத்தம் கேட்க வேண்டியதுதான். சூட்டில் வால்வுத் தண்டு நீளும், அதற்கு விட்ட இடைவெளியை இறுக்கி இல்லாமல் செய்துவிட்டீர்கள். வால்வு முழுக்க மூடாமல் கொம்பிரஷன் கசிகிறது. இப்படியே ஓடினால் புகை வால்வு எரிந்துபோகும். ஓட வேண்டாம். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மக்னற் சில்லில் "ரி" (T) அடையாளத்தைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு டப்பெற்றும் தளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. நூறு சி.சி. ஹொண்டா என்றால் 0.05 மில்லிமீற்றர் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும்) தகடு மெல்ல உரசிப் போகிற அளவு. கையால் ஆட்டிப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். பூட்டு நட்டை இறுக்கிய பிறகு இன்னொருக்கால் தகட்டை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போதுதான் அளவு மாறும்.

புதுக் காபரேற்றர் வாங்கிப் போட்டும் அதே வருத்தம். (பரந்தன்)

காபரேற்றரில் பிழை இருக்கவில்லை, வாங்குமுன் எழுதியிருக்கலாம். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இணைப்பையும் ஓ-றிங்கையும் பாருங்கள். எஞ்சின் ஸ்லோவில் இருக்கும்போது சவர்க்காரத் தண்ணீரை அங்கே தெளியுங்கள்; இரைச்சல் மாறினால் அதுதான் கள்ளக் காற்று. சிலர் பெற்றோலைத் தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான எஞ்சினில் அது தீ வைக்கிற வேலை. தட்டையான ஓ-றிங்குக்கு மேல் பசை பூசவும் வேண்டாம், புதிது போடுங்கள். பழைய காபரேற்றரை எறியாமல் வையுங்கள்.

காலையில் பள்ளிக்கூடம் போக ஸ்ரார்ட் பண்ணினால் இரண்டு மூன்று தரம் நூருது. பிறகு நாள் முழுக்கப் பிழையில்லை. (ஆசிரியை, நெடுங்கேணி)

பைக்கில் குறையில்லை, ரீச்சர். சோக்கை ஸ்ரார்ட் ஆனவுடன் தள்ளாமல் ஒன்று, ஒன்றரை நிமிடம் விட்டுத் தள்ளுங்கள்.

மழைக்குள் ஓடினால் மட்டும் நூருது. (கரைத்துறைப்பற்று)

பிளக் தொப்பிக்குள் தண்ணீர். தொப்பி றப்பர் வெடித்திருக்கும், மாற்றுங்கள். உப்புக் காற்றுப் படுகிற இடம் என்பதால் வயர் தொப்பிக்குள் நுழையும் நுனியையும் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள்.