கணுக்கால் முறிவு: டைட்டானியம் ஸ்க்ரூவா, கரையும் மெக்னீசியமா?

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. பைக்கிலிருந்து விழுந்ததில் வலது கணுக்காலின் இரு பக்க எலும்பும் உடைந்துவிட்டது. வெளிப்பக்கம் டைட்டானியம் பிளேட்டும், உள்பக்கம் இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஜெர்மனியில் இருக்கும் உறவினரோ, மெக்னீசியம் ஸ்க்ரூ தானாகக் கரைந்துவிடும், எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாது, அதையே கேளுங்கள் என்கிறார். எது நல்லது?

பதில்: வெளிப்பக்க பிளேட் டைட்டானியமாகவே இருக்கட்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. உள்பக்க ஸ்க்ரூக்களில்தான் உங்கள் கேள்விக்கு இடமிருக்கிறது.

விறைப்பில் எலும்புக்கு நெருக்கமானது மெக்னீசியம்தான். விறைப்பை அளக்கும் யங் குணகம் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு 10 முதல் 30 கிகாபாஸ்கல். மெக்னீசியக் கலவைக்குச் சுமார் 45, டைட்டானியக் கலவைக்கு 110, ஸ்டீலுக்கு 190-க்கு மேல். எலும்பைவிட மிக விறைப்பான உலோகம் பாரத்தைத் தானே சுமந்துகொள்ளும். வேலையில்லாத எலும்பு நாளடைவில் மெலியும். ஆனால் இது தொடை எலும்பில் வைக்கும் நீண்ட பிளேட்டில் கவலைப்பட வேண்டிய விஷயம். கணுக்காலின் இரண்டு சிறு ஸ்க்ரூவுக்கு இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

வலிமையில் கதை தலைகீழ். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவை நிரந்தரமாக வளையத் தொடங்கச் சுமார் 800 மெகாபாஸ்கல் தகைவு (பரப்பின் மேல் விழும் விசை) வேண்டும். ஸ்க்ரூவுக்குப் பயன்படும் மெக்னீசியக் கலவைகளுக்கு அதில் ஏறக்குறைய கால் பங்கே போதும். அதுவும் முதல் நாள் கணக்கு. கரையக் கரைய அந்த வலிமையும் குறையும். எலும்பு கூடும் ஆறு முதல் எட்டு வாரமாவது ஸ்க்ரூ தாங்கியாக வேண்டும். உடல் எடையை வாங்கும் பிளேட், ராடு வேலைகளுக்கு மெக்னீசியத்தை நம்பாதது இதனால்தான்.

கரைவது எப்படி? மெக்னீசியம் உடல் நீரோடு வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு கிராம் முழுதும் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. உங்கள் மகனுக்கு வைக்கும் அளவில் இரண்டு ஸ்க்ரூவும் சேர்ந்தே தோராயமாக ஒரு கிராம்தான் வரும். ஓரிரு ஆண்டுகளில் மெல்லக் கரைந்தால் ரத்தம் அந்த வாயுவை அள்ளிச் சென்றுவிடும். வேகமாகக் கரைந்தால் தோலடியில் வாயு தேங்கி வீங்கும். முதல் சில மாதங்களில் எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியலாம். விவரம் தெரியாதவர் அதைச் சீழ் என்றோ, ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்றோ நினைத்து மறுபடி திறந்துவிடக்கூடும். வலி, சிவப்பு, காய்ச்சல் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது வாயுதான்.

கரைந்த உலோகம் நஞ்சாகுமா என்ற பயம் வேண்டாம். உடலில் ஏற்கெனவே சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, தினசரித் தேவையே 300 முதல் 400 மில்லிகிராம். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இரண்டு உலோகத்தையும் ஒன்றோடொன்று தொடவிடக் கூடாது. 1907-ல் பெல்ஜிய அறுவை மருத்துவர் லாம்போட் மெக்னீசிய பிளேட்டைத் தங்கமுலாம் பூசிய ஸ்டீல் ஆணிகளால் பிணைத்தார். எட்டே நாளில் பிளேட் சிதைந்து, தோலடியில் வாயு நிரம்பியது. உடல் திரவத்தில் இரண்டும் பேட்டரிபோல இயங்கி மெக்னீசியத்தை அரித்துவிட்டன. டைட்டானியத்தைத் தொட்டாலும் இதே கதைதான். எலும்புகளுக்கு இடையிலான தசைநார் கிழிந்திருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட ஸ்க்ரூவை உள்ளே செலுத்துவார்கள். அதன் நுனி உள்பக்க ஸ்க்ரூவில் முட்டக்கூடும் என்றால் மெக்னீசியத்தை விட்டுவிடுங்கள்.

மற்றபடி உறவினர் சொல்வது வெறும் பேச்சல்ல. ஜெர்மனியின் மெக்னெசிக்ஸ் என்ற மெக்னீசிய ஸ்க்ரூ 2013-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. 2023-ல் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு மெக்னீசியம், துத்தநாகம், கால்சியம் சேர்ந்த ஒரு ஸ்க்ரூவை அனுமதித்தது, அதுவும் உள்பக்கக் கணுக்கால் முறிவுக்குத்தான். ஆனால் மெக்னீசியம் மென்மையானது. துளையை முழு நீளமும் போட்டு, மரையும் வெட்டிய பிறகே செலுத்த வேண்டும். டைட்டானியத்தை முறுக்கிப் பழகிய கை அதே வேகத்தில் இறுக்கினால் தலை முறிந்துவிடும். எனவே உங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘இதைப் போட்டுப் பழக்கம் உண்டா?’ என்பதை.

இன்னொன்று: டைட்டானியத்தைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்ற எண்ணமே தவறு. அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் உருவாகும் ஆக்சைடு படலம் அரிப்பைத் தடுக்கிறது. காந்தம் அதை இழுக்காது, ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். உலோகத்தைச் சுற்றிப் படம் சற்றுச் சிதையும், அவ்வளவுதான். ஷூ உரசி வலித்தாலோ, கிருமித்தொற்று வந்தாலோதான் எடுக்கிறோம். அப்படி எடுப்பதாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு டைட்டானியத்தோடு நன்றாக ஒட்டி வளரும், ஸ்க்ரூ தலை வழுக்கி, துளைத்து எடுக்க வேண்டி வரும்.

உங்கள் மகனுக்கு வெளிப்பக்க பிளேட் எப்படியும் டைட்டானியம். அது பின்னாளில் உறுத்தினால் அதற்காக ஓர் ஆபரேஷன் வரலாம், உள்பக்க ஸ்க்ரூவையும் அப்போதே எடுத்துவிட முடியும். ஆகவே இரண்டாவது ஆபரேஷனைத் தவிர்க்க மட்டும் மெக்னீசியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் இங்கே பெரிய லாபம் தெரியவில்லை. உங்கள் டாக்டர் சொன்னபடியே செய்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் உலோகத்தின் பெயர், ஸ்க்ரூ அளவு, கம்பெனி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.