பிள்ளைகளுக்கு உடல்நலப் பாடம்: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா: அக்கா, மகன் தொடக்கநிலை 3. இனிப்புப் பானம் வேண்டாம்னு தினமும் சொல்றேன். தலையாட்டிட்டு மறுபடி வாங்கிக் குடிக்கிறான்.

சொல்வதை நிறுத்திவிட்டு, அவனையே கணக்குப் போட விடுங்கம்மா. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து நம்மூர்ப் பொட்டலப் பானங்களில், சர்க்கரையையும் கொழுப்பையும் வைத்துத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்து வருகிறது; ஏ நல்லது, டி கடைசி. சி, டி என்றால் போட்டே ஆகவேண்டும். பக்கத்திலேயே சர்க்கரை விழுக்காடும் இருக்கும். 10% என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராம். 250 மில்லி பொட்டலத்தில் 25 கிராம். தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 4 கிராம் என்று வைத்து, ஆறு கரண்டிச் சர்க்கரையை அவன் கையாலேயே காலிக் குவளையில் போடட்டும். நீங்கள் பேசாமல் இருங்கள்.

பிறகு பி எழுத்துள்ள 5% பானம், 500 மில்லி போத்தல் ஒன்றைக் கொடுங்கள். அதிலும் அதே 25 கிராம்! எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, அளவையும் பார்க்க வேண்டும் என்று அவனே கண்டுபிடிப்பான். அடுத்த முறை பேரங்காடியில் எதை வாங்குவது என்ற முடிவை அவனிடமே விடுங்கள்.

ஒரு பாட்டி: பேத்தி கையைத் தண்ணியில நனைச்சிட்டு ஓடி வந்துடறாம்மா.

மஞ்சள்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்து அவள் கையில் பூசுங்கள், பாட்டி. முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் சவர்க்காரம் போட்டு 20 விநாடி. கட்டைவிரலிலும் நகக்கண்ணிலும் மஞ்சள் நிற்பதை அவளே உங்களுக்குக் காட்டுவாள்.

ஓர் ஆசிரியர்: வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

தனி நேரம் வேண்டாம், சார். அறிவியலில் வாழ்க்கைச் சுழற்சி வருகிறதே, அங்கே டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை எடுங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம். "அப்படியானால் பூந்தொட்டித் தட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

ஓர் அப்பா: மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். இந்தப் பாடமே கேலிக்கு இடம் கொடுத்துவிடுமோ?

உங்கள் பயம் நியாயமானது. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் இருந்த டிரிம் அண்ட் ஃபிட் திட்டத்தில் பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்து உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். கேலிக்கு ஆளான பலர் வளர்ந்த பிறகும் அந்த வலியைச் சொல்கிறார்கள். பாடம் சாப்பாட்டுத் தட்டைப் பற்றி இருக்கட்டும்: பாதி காய்கறி பழம், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், பருப்பு. எடை பார்க்கும் தராசு வகுப்பறைக்குள் வரவே கூடாது. வந்தால் ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.