அந்தரத்தில் தாவும் கால்கள்: வீடியோ கேம் தர்க்கம் குறித்த கேள்வி பதில்

வீடியோ கேம்களில் நடப்பவை நிஜ உலகோடு பொருந்தாத இடங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக கேம்களுக்கு நிரல் எழுதிவருபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். தரையை விட்டு எழும்பிய மரியோ காற்றிலேயே திசை திரும்புகிறாரே, இப்படி விதியை மீறலாமா?

பதில்: மீறல்தான், ஐயமில்லை. எழும்பிவிட்ட உடலுக்குப் பக்கவாட்டில் உந்திக்கொள்ள அங்கே எந்தப் பிடிமானமும் கிடையாது. ஆனால் 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸிலிருந்து அந்தத் திருப்பத்தை எடுத்துவிட்டால், பட்டனை அழுத்திய கணத்திலேயே தாவலின் முடிவு தீர்மானமாகிவிடும். அதற்குப் பிறகு ஆடுபவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இராது. 1981இன் டாங்கி காங்கில் இதே நாயகன் காற்றில் திரும்ப முடியாதவராகத்தான் இருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள், வேறுபாடு விரலில் தெரியும்.

இதைவிடப் பெரிய மீறல் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் முதன்முதலில் எழுதிய தாவும் கேமில், பாறையின் விளிம்பைக் கால் கடந்துவிட்டால் தாவ முடியாது என்று இயற்பியலுக்கு உண்மையாக நிரல் எழுதியிருந்தேன். ஆடிப் பார்த்த நண்பர்கள் அனைவரும், சொல்லி வைத்ததுபோல, பட்டன் வேலை செய்யவில்லை என்றார்கள். பதிவுகளை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு நிலைப்படமாக, ஓட்டிப் பார்த்தபோது, விளிம்பைக் கடந்து மூன்று நான்கு ஃபிரேம்கள் ஆன பிறகே அவர்கள் பட்டனை அழுத்தியிருந்தார்கள் என்பது தெரிந்தது. நிஜத்தில் ஓடுபவருக்குத் தரை முடிவதை உள்ளங்கால் சொல்லிவிடும். திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கோ கண் மட்டுமே துணை. ஆகவே விளிம்பைத் தாண்டிய பின்னும் நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 6 ஃபிரேம் வரை, வெறுங்காற்றிலிருந்து தாவ அனுமதித்தேன். அதன் பிறகு பட்டனைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. 2018இல் வந்த செலெஸ்ட் கேமின் நிரலிலும் இதே 0.1 நொடி இருக்கிறது. திரை பறித்துக்கொண்ட உள்ளங்காலுக்கு ஈடாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

கேள்வி: அண்ணா, மைன்கிராஃப்டில் அடிமரத்தை வெட்டினாலும் மேல்மரம் அந்தரத்தில் நிற்கிறது. எவ்வளவு தங்கத்தைச் சுமந்தாலும் ஓட முடிகிறது. இதை ஏன் யாரும் சரிசெய்யவில்லை?

பதில்: தம்பி, முதலில் கணக்குப் போடுவோம். அங்கே உலகமே பிளாக் எனப்படும் கனசதுரக் கட்டிகளால் ஆனது; ஒரு பிளாக் என்பது ஒரு கன மீட்டர். அந்த அளவு தங்கம் ஏறத்தாழ 19.3 டன் எடையிருக்கும். பையில் உள்ள 36 இடங்களில் இடத்துக்கு 64 வீதம் 2,304 பிளாக்குகளைச் சுமக்கலாம் என்பதால், மொத்த எடை 44,000 டன்னைத் தாண்டுகிறது. மனிதர்கள் இதுவரை தோண்டியெடுத்த தங்கம் முழுவதுமே ஏறத்தாழ 2 லட்சம் டன்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கை முதுகில் வைத்துக்கொண்டு நீங்கள் ஓடுகிறீர்கள்.

ஆயினும் இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணல், சரளை போன்ற சில மட்டும் விழும், மரமும் கல்லும் நிற்கும் என்ற விதியை அந்த கேம் ஆடுபவரிடம் முதல் நாளே காட்டிவிடுகிறது, பிறகு மாற்றுவதுமில்லை. அதை நம்பித்தான் எல்லோரும் தூணில்லாத பாலம் கட்டுகிறார்கள். எடை பார்க்கும் கேம்களும் இருக்கின்றன. 2011இன் ஸ்கைரிமில் தொடக்கத்தில் உள்ள 300 என்ற எடை வரம்பைச் சற்றே தாண்டினாலும் ஓட முடியாது. அங்கும் நாணயங்களுக்கு எடை வைக்கவில்லை.

கேள்வி: பெட்ரோல் பீப்பாயைத் துப்பாக்கியால் சுட்டால் உண்மையிலேயே வெடிக்குமா?

பதில்: சாதாரணத் தோட்டாவானால் துளை விழும், பெட்ரோல் ஒழுகும், பெரும்பாலும் அதோடு சரி. வெடிக்க வேண்டுமானால் ஆவி காற்றோடு உரிய அளவில் கலந்திருக்க வேண்டும், தீப்பொறியும் வேண்டும். கேம்களில் பீப்பாய்க்குச் சிவப்பு பூசுவது, இதைச் சுடலாம் என்று தொலைவிலிருந்தே கண்ணுக்குச் சொல்வதற்காக.

கேள்வி: குண்டடி பட்டவர் சுவருக்குப் பின்னால் சில நொடிகள் ஒளிந்திருந்தாலே குணமாகிவிடுகிறாரே?

பதில்: 1992இன் வுல்ஃபன்ஸ்டைன் 3டியில் தரையில் கிடக்கும் உணவையும் மருந்துப் பெட்டியையும் தேடி எடுத்தால்தான் உயிர் கூடும். 2001இல் ஹேலோ, தானாக நிரம்பும் கவசத்தைக் கொண்டுவந்தது. எதிர்கால வீரரின் கருவி என்பதால் அது கதைக்குள் பொருந்தியது. 2005இல் கால் ஆஃப் டூட்டி 2 அதே முறையை இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாயின் உடலுக்கே கொடுத்தது. வடிவமைப்பாளருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது: ஒவ்வொரு மோதலுக்கும் ஆடுபவர் முழு உயிரோடு வருவார் என்று தெரிந்தால் எதிரிகளின் எண்ணிக்கையைத் துல்லியமாக அளந்து வைக்கலாம். அந்த வசதியை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் நிஜமாக மனிதர்கள் மாண்ட போர்க்களத்தை மறுபடியும் காட்டும் கேமில், காயம் ஐந்து நொடியில் மறைவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 7இல் நாயகனின் தோழி ஏரித் குத்துப்பட்டுச் சாகும்போது, வீழ்ந்தவரை எழுப்பும் பொருளான ஃபீனிக்ஸ் டவுன் பையில் இருந்தும் ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை? நான் அன்று அழுதேன், கோபமும் வந்தது.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் உண்மையான தர்க்க ஓட்டை என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். சண்டையில் வீழ்ந்தவரை அந்தப் பொருளால் பத்துப் பதினைந்து முறையாவது எழுப்பிய பின்னரே, 1997இன் அந்த கேமில் நாம் அந்தக் காட்சிக்கு வந்து சேர்கிறோம். ஜப்பானிய மூலத்தில் சண்டையில் வீழ்வதைச் சாவு என்று குறிப்பதில்லை, ‘போரிட இயலாத நிலை’ என்றே குறிக்கிறார்கள் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அது சரியான தகவல்தான். ஆனால் வாளும் தீயும் பட்டு வீழ்ந்தவர்கள் அத்தனை முறை எழுந்ததைக் கண்ட ஒருவருக்கு, இந்த ஒரு வாள்வீச்சு மட்டும் ஏன் வேறானது என்பதைக் கதைக்குள்ளிருந்து யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் ஃபீனிக்ஸ் டவுனை எடுத்து, அது பலிக்காமல் போவதைக் காட்டியிருந்தால்கூடப் போதும். அந்தச் சாவு இன்னும் கனத்திருக்கும். 1990இல் தொடங்கிய ஃபயர் எம்பிளம் வரிசையில், பொதுவாகச் சண்டையில் மாண்டவர் மாண்டவரே என்று விதி இருந்தது. அதனால் அங்கே கதையும் விளையாட்டும் மோதிக்கொள்ள இடமில்லை.

கேள்வி: கணினியின் திறன் போதாமையால் வந்த பொருத்தமின்மைகள் உண்டா?

பதில்: நிறைய உண்டு. 1999இன் சைலன்ட் ஹில் நகரத்தை மூடியிருக்கும் பனிமூட்டம், பிளேஸ்டேஷனால் தொலைவை வரைய முடியாததை மறைப்பதற்கும் உதவியது. எனக்கு மிகவும் பிடித்தது 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். விண்ணிலிருந்து வரும் 55 படையெடுப்பாளர்களில் தோழர்கள் மடிய மடிய, எஞ்சியவர்கள் வேகம் கூடி இறங்குவார்கள். எந்தப் படையும் அப்படி நடந்துகொள்வதில்லை. உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அதைத் திட்டமிடவில்லை. அத்தனை உருவங்களையும் விரைவாக நகர்த்த அன்றைய பிராசசருக்குத் திறன் போதவில்லை. எண்ணிக்கை குறையக் குறைய அதன் சுமை குறைந்து ஆட்டம் வேகமெடுத்தது. அதைக் கண்ட அவர் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். கடைசி ஒன்று திரையின் குறுக்கே அப்படிப் பாய்வதற்குக் காரணம், அப்போது நகர்த்த வேண்டியது அது ஒன்று மட்டுமே என்பதுதான்.