வீடு, ஆபீஸ் வேலைக்கே நாள் போய்விடுகிறது. சொந்த லட்சியத்துக்கு நேரம் மிஞ்ச, தினசரி வேலைகளில் எதை முதலில் வைப்பது?

பட்டியல் போட்டே ஒரு வருடத்தைக் கோட்டை விட்டவள் நான். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு சித்தோடு பக்கம். கணவர், அத்தை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். லட்சியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி, ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்கார வேண்டும். 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வை எழுதினேன். வீட்டுக்கு வந்து விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தால் 200-க்கு 118 சரி. அதை வைத்துக்கொண்டு எந்தக் கனவும் காண முடியாது.

அந்த மாதங்களில் நான் சும்மா இருக்கவில்லை. தினமும் டைரியில் மூன்று கலர் பேனாவால் வேலைகளை எழுதினேன். அந்த டைரி இன்னும் இருக்கிறது. ஒரு நாள் பக்கம் இது: பால் கணக்கு, பையனுக்கு டவுசர், சேலம் பார்ட்டி பில், ஜிஎஸ்டிஆர்-1 (கடையின் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு), அத்தைக்கு சுகர் மாத்திரை, கேஸ் புக்கிங், சின்ன மாமனார் வீட்டுக்கு மொய், ஒன்பதாம் வகுப்பு வரலாறு. முதல் ஏழுக்கும் டிக் விழுந்திருக்கிறது. வரலாற்றுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, நாளைக்கு என்று. அடுத்த பக்கத்திலும் அதே வரலாறு, அதே அம்பு. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பக்கத்துக்கு அம்பு போயிருக்கிறது.

நான்கு கட்டம் போடும் முறையையும் விட்டுவைக்கவில்லை. அவசரமானது, முக்கியமானது என்று பிரித்து எழுதுவார்களே, அதுதான். அமெரிக்க அதிபர் ஐசனோவர் பெயரில் அது சுற்றுகிறது. அவர் 1954-இல் ஒரு கூட்டத்தில் அவசரம், முக்கியம் பற்றிப் பேசினார். அதையும் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகத்தான் சொன்னார். கட்டம் எல்லாம் பிறகு வந்தவர்கள் போட்டது. இருக்கட்டும். எனக்கு அதில் என்ன சிக்கல் என்றால், கடை வேலை முழுக்க முதல் கட்டத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சரக்கு கொண்டுபோக வேண்டிய இ-வே பில் போடாமல் லாரி கிளம்பாது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. தேதி தவறினால் அபராதம். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் முதல் கட்டம். படிப்பு எப்போதும் 'முக்கியம், ஆனால் அவசரமில்லை' என்ற கட்டத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக் கூச்சப்படும் ஒறம்பரை (விருந்தாளி) மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

தெளிவு வந்தது எங்க அப்பாவிடமிருந்து. அவருக்குக் காஞ்சிக்கோயில் பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போயிருந்தபோது தேர்வு என்னாச்சு என்று கேட்டார், சொன்னேன். டைரியையும் காட்டினேன். பால் கணக்கிலிருந்து வரலாறு வரை விரலை வைத்துப் படித்தவர், "எல்லா மதகையும் ஒட்டுக்காத் தொறந்துட்டு, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு அழுகறயாக்கும்?" என்றார்.

கீழ்பவானி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசிக் கோடியில் இருக்கும் வயல், தலைமடை என்றால் முதலில் தண்ணீர் பாயும் வயல். பவானிசாகர் அணையிலிருந்து வரும் அந்த வாய்க்காலை நம்பி இருப்பது 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் விட முடியாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்ட் மாதத்திலிருந்து நான்கு மாதம் நன்செய்க்கு விடுவார்கள். மற்றப் பாதிக்கு ஜனவரிக்கு மேல், புன்செய்க்கு. அடுத்த வருடம் முறை மாறும். புன்செய் முறை வந்த வருடம் அப்பா நெல்லைப் பற்றி நினைக்கவே மாட்டார். கடலையோ எள்ளோ போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். எனக்கு உறைத்தது அந்த நிம்மதிதான். இந்தப் போகம் நமக்கு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வெசனம் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். தலைமடைக்காரனுக்குத் தண்ணீர் தானாகப் போய்விடும், அவனுக்காக யாரும் ராத்திரி மம்பட்டியோடு நிற்க வேண்டியதில்லை, காவல் நிற்க வேண்டியதெல்லாம் கடைமடைக்குத்தான்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் டைரியை மறுபடி விரித்தேன். முதல் ஏழு வேலைகளுக்கும் பின்னால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். பில் போடாவிட்டால் முதலாளி கேட்பார். மாத்திரை வாங்காவிட்டால் அத்தை கேட்பார்கள். மொய் போகாவிட்டால் ஊரே கேட்கும். ஒன்பதாம் வகுப்பு வரலாறு படிக்காவிட்டால்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அன்றோடு என் பட்டியல் மாறியது. கேட்க ஆள் இருக்கும் வேலைகளை எழுதுவதையே விட்டுவிட்டேன். அவை எப்படியும் நடந்துவிடும், நடக்கும் வரை விடமாட்டார்கள். யாரும் கேட்காத ஒரே ஒரு வேலையை மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

ஒன்று மட்டும் என்றதும் இன்னொரு பொய்யும் வெளிச்சத்துக்கு வந்தது. படிப்பு என்ற பெயரில் நான் செய்துகொண்டிருந்ததில் முக்கால்வாசி, நடப்பு நிகழ்வு வீடியோ பார்ப்பதும் கணக்குப் போடுவதும்தான். கணக்கு எழுதுகிறவள் என்பதால் கணக்கு வரும், வருவதையே செய்தால் மனதுக்குச் சுகம். ஆனால் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, திறனறிவுக் கணக்கு வெறும் 25. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். பாதித் தேர்வு தமிழில் இருக்க, நான் எட்டில் ஒரு பங்குக்கு உயிரை விட்டிருக்கிறேன். அதன் பிறகு ஐந்து மாதம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளித் தமிழ்ப் புத்தகங்கள் மட்டும்தான், வேறு எதையும் தொடவில்லை. கடலைக்காட்டில் நெல் போட ஆசைப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேரம் காலை நாலே முக்காலிலிருந்து ஆறு. விடியற்காலையில் மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எனக்குக் கொட்டாவிதான் வரும். அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதுதான் காரணம். ராத்திரி வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு நேரம் அப்படி அமையலாம். போனைச் சமையலறை அரிசி டின் மேல் வைத்துவிடுவேன். தினமும் முடியும் என்று நினைத்ததும் தப்பு. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். அந்த இரண்டு நாளும் வெளியூர் வியாபாரிகள், பார்சல், பில் என்று எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஆகவே செவ்வாயும் புதனும் காலையில் படிப்பு கிடையாது. 10, 11, 19, 20 தேதிகளிலும் கிடையாது. முன்பு அந்த நாட்களில் படிக்காமல் போனதற்காக என்னையே திட்டிக்கொள்வேன், அந்தக் கோபத்தில் அடுத்த நாளும் போகும். இப்போது அவை எனக்கு முறை இல்லாத நாட்கள், அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரமே அத்தை, "ஏனம்மிணி, கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி லைட்டப் போட்டுட்டு உக்காந்துக்கறே, பையன் பொரண்டு பொரண்டு படுக்கறான்" என்றார்கள். "சரிங்கத்தை, நான் திண்ணைக்குப் போயிக்கறனுங்க" என்று வெளியே வந்துவிட்டேன். மார்கழியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இலக்கணக் குறிப்பு படித்தது மறக்காது. ஒரு மாதம் கழித்து, கட்டுத்தரைக்குப் போகிற வழியில் அத்தையே ஒரு டம்ளர் காப்பியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் பேசவில்லை. ஆனால் பையனை எழுப்பிக் குளிக்க வைக்கும் வேலை அன்றிலிருந்து என் கணவருக்குப் போனது, அதை நான் கேட்டு வாங்கினேன். கேட்காமல் கிடைக்காது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பலன் என்ன என்று கேட்பீர்கள். 2025 ஜூலை 12 தேர்வில் 147 சரி. தமிழில் மட்டும் முன்பைவிட 21 கூடுதல். வேலை கிடைக்கவில்லை, பொது அறிவு காலை வாரிவிட்டது. ஐந்து மாதத்தைத் தமிழுக்கே கொடுத்ததில் வரலாற்றுக்கு மறுபடி நேரம் போதவில்லை. அந்த ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக்கு இந்த வருடம்தான் முறை வந்திருக்கிறது.

இதை எழுதுவது செவ்வாய் ராத்திரி. சந்தை முடிந்து வந்து கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறேன், நாளைக் காலைக்கும் அலாரம் வைக்கவில்லை. வியாழக்கிழமை காலண்டர் தாளின் பின்னால் மட்டும் எழுதியாயிற்று: பிரெஞ்சுப் புரட்சி, முதல் பாதி.