ஆசிரியர் சம்பளத்தை 8 சதவீதம் கூட்டினால் பட்ஜெட் தாங்குமா, ஆசிரியர்கள் தங்குவார்களா?

கேள்வி: சுமார் 40 ஆசிரியர்கள் இருக்கும் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆறேழு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. எல்லோருக்கும் 8 சதவீதம் கூட்டிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். குழுவில் பாதிப் பேர் பள்ளியே படுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கூட்டினால் பட்ஜெட் என்ன ஆகும்? கூட்டினால் மட்டும் தங்கிவிடுவார்களா?

பதில்:

பள்ளி படுத்துவிடாது. ஆனால் 8 சதவீதத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி பிரித்துக் கொடுத்தால், பணமும் போகும், கணக்கு ஆசிரியரும் போவார், அதுதான் என் கவலை. முதலில் பணத்தைப் பார்ப்போம், ஏனென்றால் குழுவில் சண்டை அங்கேதான் நடக்கப்போகிறது.

உங்கள் பள்ளியின் மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளிகளைப் போல உங்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ஆசிரியர் சம்பளம் 55, அந்தச் சம்பளத்தின் மேல் நிர்வாகம் கட்டும் ஓய்வூதியம், காப்பீடு வகையறா 10, அலுவலகம், துப்புரவு, காவல் என மற்ற பணியாளர்களுக்கு 12, மீதி எல்லாவற்றுக்கும் 23. ஆசிரியர் சம்பளத்தில் 8 சதவீதம் என்றால் 4.4 பங்கு. சம்பளம் ஏறினால் அதோடு ஓய்வூதியப் பங்களிப்பும் ஏறும், அது ஒரு 0.8. ஆக 5.2. இந்தப் பின்னிணைப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், அது சின்னத் தொகையும் இல்லை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல் ஆசிரியர் சம்பளத்தில் 28.68 சதவீதத்தை ஓய்வூதியத்துக்கு மட்டும் பள்ளி கட்ட வேண்டியிருக்கிறது, சம்பளம் உயரும்போதெல்லாம் அதுவும் கூடவே உயரும்.

100-இல் 5.2 தானே என்று தலைமையாசிரியர் சொல்வார், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 5.2-ஐ நீங்கள் 100-இலிருந்து எடுக்கப்போவதில்லை. சம்பளத்தைக் கூட்டுவதற்காகச் சம்பளத்தைக் குறைக்க முடியாது, அதனால் மிஞ்சியிருக்கும் 23-இலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த 23-க்குள்ளும் கட்டட வாடகை அல்லது கடன் தவணை, மின்சாரம், தண்ணீர், வண்டி, வரி என்று 15 போல அசைக்க முடியாதவை. மீதி 8-இல்தான் நூலகம், ஆய்வகப் பொருட்கள், பழுதுபார்ப்பு, கணினி, பயிற்சி எல்லாம் வருகின்றன. 8-இலிருந்து 5.2 எடுத்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். குழுவில் பயப்படுகிறவர்கள் இதை உணர்வாகச் சொல்கிறார்கள், நீங்கள் கணக்காகச் சொல்லுங்கள். அரசுகள்கூட இந்த விளையாட்டை ஆடுவது உண்டு. 2025-இல் இங்கிலாந்து அரசு ஆசிரியர்களுக்கு 4 சதவீத உயர்வை அறிவித்தபோது அதில் ஏறக்குறைய முதல் 1 சதவீதத்தைப் பள்ளிகளே சிக்கனம் பிடித்துச் சமாளிக்கட்டும் என்றது. கேட்டால் ஒரு சதவீதம்தான், ஆனால் அதுவும் அந்த அசையும் பங்கிலிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் முதல் ஆண்டுக் கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி, உயர்வு செப்டம்பரிலிருந்து என்றால் அந்த ஆண்டு 7 மாதச் செலவுதான் விழும், 5.2-க்குப் பதில் 3 பங்கு. ‘சமாளித்துவிட்டோமே’ என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த ஆண்டு முழு 12 மாதமும் விழும், அதோடு வழக்கமான ஆண்டு இன்க்ரிமென்ட்டும் இந்த உயர்ந்த அடிப்படைச் சம்பளத்தின் மேல் ஏறும். அதனால் மூன்று ஆண்டுக் கணக்கு போடாமல் தீர்மானத்தைக் குழு முன்னால் வைக்காதீர்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருப்பதால் உங்கள் பள்ளிக்கு இப்போது ஒரு மறைமுக மிச்சம் இருக்கிறது. 15 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் போய், அந்த இடத்துக்குப் புதியவர் ஒருவர் வந்தால், சம்பளம் கால் பங்கு குறைவாக இருக்கலாம். 40 பேரில் 6 பேர், அதாவது 15 சதவீதம் பேர், அப்படி மாறினால் ஆண்டுக்குச் சம்பளப் பட்டியலில் கிட்டத்தட்ட 3.75 சதவீதம் மிஞ்சும், மற்றவர்களின் இன்க்ரிமென்ட்டை அது ஓசையில்லாமல் ஈடுகட்டிக்கொண்டு வந்திருக்கும். சம்பள உயர்வு வேலை செய்து, போகிறவர்கள் பாதியாகக் குறைந்தால் இந்த மிச்சமும் பாதியாகும், 100-இல் இன்னும் ஒரு பங்கு செலவு கூடும். ஆக, திட்டம் வெற்றி பெற்றால் செலவு நீங்கள் போட்ட கணக்கைவிட அதிகமாகும். இதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, இரண்டாம் ஆண்டு கணக்கு உதைத்த பிறகு தெரிந்துகொள்வது வேறு. போகிறவர்கள் எல்லோரும் வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு ஆண்டே ஆன இளையவர்கள் என்றால் இந்த மிச்சம் உங்களுக்கு இல்லை, அப்போது தங்க வைப்பது இன்னும் லாபம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் போனால் ஆகும் செலவில் பெரும்பகுதி கணக்குப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை: விளம்பரம், நேர்காணல், ஆள் வரும்வரை சப்ஸ்டிட்யூஷன் போட்டு மற்ற ஆசிரியர்களின் காலி பீரியடைப் பிடுங்குவது, வந்தவர் பள்ளியின் வழக்கம் பிடிபட எடுக்கும் ஓராண்டு. அமெரிக்காவில் லேர்னிங் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற கல்வி ஆய்வு நிறுவனம் 2017-இல் போட்ட மதிப்பீட்டின்படி, நகர்ப்புறப் பள்ளி மாவட்டங்களில் (ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களில்) ஓர் ஆசிரியரை மாற்ற 20,000 டாலருக்கு மேல் ஆகலாம். உங்கள் தொகை வேறாக இருக்கும், ஆனால் கடைசியாகப் போன மூன்று பேருக்காவது உட்கார்ந்து கணக்கிட்டுப் பாருங்கள்.

சரி, கூட்டினால் தங்குவார்களா? யாருக்குக் கூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தோனேசியாவில் 2005-இல் வந்த ஆசிரியர் சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பானது. 8 சதவீதம் இல்லை, இரட்டிப்பு. ஆராய்ச்சியாளர்கள் 360 பள்ளிகளை எடுத்து, அவற்றில் 120 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் இந்த உயர்வை முன்கூட்டியே கிடைக்கச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆசிரியர்களின் பணக்கவலை குறைந்தது, இரண்டாவது வேலை பார்ப்பது குறைந்தது, மனநிறைவு கூடியது. மாணவர்களின் மதிப்பெண் மட்டும் நகரவில்லை. ஏற்கனவே வேலையில் இருக்கிறவர்கள், அதுவும் போகும் எண்ணமே இல்லாதவர்கள், அவர்களுக்குக் கொடுத்தால் நிம்மதியாக இருப்பார்கள். அது நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிரச்சினைக்கு அது மருந்து இல்லை.

இதற்கு நேர் எதிர் ஒன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2001 முதல் சில ஆண்டுகள், வறுமை அதிகமான அல்லது தேர்ச்சி குறைந்த பள்ளிகளில் கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 1,800 டாலர் தனியாகக் கொடுத்தார்கள். ஒப்பிட்டால் சின்னத் தொகை. அந்த ஆசிரியர்கள் வெளியேறுவது சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. வெளியே நல்ல சம்பளத்துக்கு வாய்ப்பு உள்ளவர்களும், போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் யாரென்று பார்த்து அங்கே பணத்தைப் போட்டதுதான் வித்தியாசம். இயற்பியல் படித்தவர் தன் சம்பளத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு ஒப்பிடுவதில்லை, தன்னோடு படித்து ஒரு நிறுவனத்துக்கு வேலைக்குப் போனவரோடு ஒப்பிடுகிறார்.

ஆள் எடுப்பதில் ஒரு கசப்பான உண்மை உண்டு. நீங்கள் சம்பளத்தைக் கூட்டினால் உலகத்தில் இயற்பியல் ஆசிரியர்கள் பெருகிவிட மாட்டார்கள், பயிற்சி முடித்து வரவே ஆண்டுகள் ஆகும். உங்களுக்குக் கிடைப்பவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியை விட்டு வந்தவராக இருப்பார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2011-இல் சட்டம் மாறி, பள்ளி மாவட்டங்கள் அவரவர் விருப்பப்படி சம்பளம் வைக்கலாம் என்று ஆனபோது இதுதான் நடந்தது: நன்றாகக் கற்பிப்பவர்கள், திறமை பார்த்துக் கொடுக்கும் மாவட்டங்களுக்கு நகர்ந்தார்கள், பழைய முறையிலேயே இருந்த மாவட்டங்கள் இழந்தன. உங்கள் பள்ளிக்கு இதில் லாபம்தான், ஆனால் பக்கத்துப் பள்ளியும் அடுத்த ஆண்டு கூட்டும், அப்போது உங்கள் 8 சதவீதம் வெறும் சமநிலையாகிவிடும்.

புதியவர்களை இழுப்பதற்காக ஆரம்பச் சம்பளத்தை மட்டும் ஏற்றலாமே என்று குழுவில் யாராவது கேட்பார்கள். இங்கிலாந்து 2022-இல் அதைத்தான் செய்தது, லண்டனுக்கு வெளியே புதியவர்களுக்கு 8.9 சதவீதம், அனுபவம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 5. விண்ணப்பம் வரத்தான் செய்யும். ஆனால் 12 ஆண்டு வேலை பார்த்தவர், நேற்று வந்தவருக்கும் தனக்கும் இடையே இருந்த தூரம் சுருங்கியதை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், ராஜினாமாவில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதுவார்கள்.

8 சதவீதம் கையில் எவ்வளவாகத் தெரியும் என்பதையும் பாருங்கள். விலைவாசி 5 சதவீதம் ஏறிய ஆண்டில் உண்மையான உயர்வு 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு, அதில் பிடித்தம் வேறு. வாரத்தில் 40 பீரியடில் 33 எடுத்து, மீதி ஏழில் நான்கை சப்ஸ்டிட்யூஷனுக்குக் கொடுத்து, விடைத்தாளை வீட்டுக்குத் தூக்கிச் செல்லும் ஒருவர் அந்த 3 சதவீதத்துக்காகத் தங்குவாரா? அவருக்கு அந்த நான்கு பீரியடைத் திருப்பிக் கொடுத்தால் தங்குவார் என்றுதான் நினைக்கிறேன். நியூயார்க்கில் தி ஈக்விட்டி ப்ராஜெக்ட் என்ற பள்ளி 2009-இல் ஆசிரியருக்கு 125,000 டாலர் சம்பளம் என்று தொடங்கியது. வகுப்பில் மாணவர்களைக் கூட்டி, நிர்வாகப் பதவிகளைக் குறைத்து, அந்த வேலைகளையும் ஆசிரியர்களிடமே கொடுத்து, பொதுப் பணத்திலேயே அந்தச் சம்பளத்தைச் சமாளித்தது. மாணவர்கள் கணக்கில் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அவ்வளவு சம்பளம் இருந்தும் முதல் ஆண்டுகளில் ஆசிரியர்கள் வெளியேறுவது அதிகமாகவே இருந்தது.

வகுப்பைப் பெரிதாக்குவது பற்றிச் சொன்னேன் இல்லையா, உங்கள் குழுவிலும் அது வரும், கணக்கும் ரொம்பக் கச்சிதமாக வரும். சராசரி வகுப்பு 25-லிருந்து 27 ஆனால் 8 சதவீத உயர்வுக்கு ஆன செலவு அப்படியே திரும்பிவிடும், 40 பேருக்குப் பதில் 37 பேர் போதும். யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை, போகிறவர்களில் மூன்று இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும். காகிதத்தில் அழகு. நடைமுறையில், ஒரு வகுப்புக்கு ஒரே செக்‌ஷன் இருந்தால் அங்கே குறைக்க எதுவுமே இல்லை, இரண்டு செக்‌ஷனில் தலா 24 பேர் என்றால் அதை ஒன்றாக்கி 48 ஆக்கவும் முடியாது. நான்கைந்து செக்‌ஷன் உள்ள வகுப்பில்தான் ஒன்றைக் குறைக்க இடம் இருக்கும். அதோடு காலியாகும் மூன்று இடமும் கணக்கு, இயற்பியலாக இருந்தால் அதை நிரப்பாமல் விட முடியுமா?

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கூட்டத்துக்கு முன்னால் கடந்த மூன்று ஆண்டில் போன எல்லோரையும் ஒரே தாளில் எழுதுவேன்: என்ன பாடம், எத்தனை ஆண்டு இருந்தார், அடுத்து எங்கே போனார். இருபது பெயர் வரும். முடிந்தால் அவர்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், போய் ஓராண்டு ஆனவர்கள் உண்மையைச் சொல்வார்கள். பாதிப்பேர் முதல் ஐந்து ஆண்டுக்குள் போனவர்கள், அதிலும் இரண்டு பாடங்களில்தான் நெருக்கடி என்று தெரிந்தால், 8-ஐ உடைக்கலாம். எல்லோருக்கும் 4 சதவீதம், அது 2.6 பங்கு. மீதி 2.6-இல் ஒரு பகுதி முதல் ஐந்து ஆண்டில் இருப்பவர்களுக்கு, ஒரு பகுதி கிடைக்காத பாடங்களுக்குத் தனிப் படியாக, ஒரு பகுதி சப்ஸ்டிட்யூஷனைக் குறைக்கக் கூடுதலாக ஒருவரை எடுக்க. ஒருவேளை போனவர்களில் பெரும்பாலோர் ஒரே துறைத் தலைவரின் கீழே வேலை பார்த்தவர்கள் என்று அந்தத் தாள் காட்டினால், அது சம்பளப் பிரச்சினையே இல்லை, அதற்கு ஒரு காசும் கூட்ட வேண்டாம்.

பாடப் படியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்காதீர்கள். அடிப்படையில் ஏற்றியதை இறக்க முடியாது, படியை மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்றலாம். ஆனால் யாருக்கு, ஏன், எவ்வளவு நாள் என்பதை எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள், ரகசியமாகக் கொடுத்த படி ஒரு மாதத்தில் ஆசிரியர் அறையில் இரண்டு மடங்காகப் பேசப்படும். உங்கள் பள்ளி அரசு ஊதிய விகிதத்துக்கோ சங்க ஒப்பந்தத்துக்கோ கட்டுப்பட்டது என்றால் இப்படிப் பிரித்துக் கொடுக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துப்புரவு, அலுவலகப் பணியாளர்களும் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட, அந்த 12 பங்குக்கு ஒரு 4 சதவீதம் என்றால் 0.5 போல ஆகும், அதை முன்பே கணக்கில் வைத்துவிடுங்கள்.

அறிவிப்பு எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஆசிரியர்கள் அடுத்த கல்வியாண்டுக்கு வேறு இடம் தேடத் தொடங்குவதற்கு முன்னால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்த பிறகு வரும் உயர்வு, இருக்கப்போகிறவருக்குத்தான் போகும். குழு மூன்றாண்டுக்கு ஒப்புக்கொள்ளாமல் ஓராண்டுக்கு மட்டும் பணம் தருகிறேன் என்றால், அதை உயர்வு என்று சொல்லாமல் ஒரு முறை ஊக்கத்தொகை என்று சொல்லியே கொடுங்கள், அடுத்த ஆண்டு நிறுத்தும்போது அதற்கு விளக்கம் சொல்லப்போவது தலைமையாசிரியர் இல்லை, நீங்கள்தான்.