மலச்சிக்கலுக்கு பிளம்ஸ் பழம் உதவுமா? சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

உதவும், ஆனால் புதிய பழத்தைவிட, நாட்டு மருந்துக் கடைகளில் ஆல்பகோடா என்று கேட்டால் தரும் உலர்ந்த பழமே இதில் கூடுதல் பலன் தருகிறது. 100 கிராம் புதிய பழத்தில் நார்ச்சத்து ஏறத்தாழ 1.4 கிராம் மட்டுமே; அதே எடை உலர்பழத்தில் சுமார் 7 கிராம். அதோடு சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலும் அதில் மிகுதி. சிறுகுடல் அதை முழுமையாக உறிஞ்சிக்கொள்ளாததால், அது பெருங்குடல் வரை சென்று, தன்னோடு நீரையும் இழுத்து வைத்து மலத்தை இளக்குகிறது. இரவில் நான்கைந்து பழங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்த நீரோடு சேர்த்து உண்பது எளிய வழி. ஆர்வத்தில் கைப்பிடி கைப்பிடியாகத் தின்றால் வயிறு உப்பி, பேதியாகும்.

சர்க்கரை நோயாளிகள் புதிய பழம் ஒன்றிரண்டு சாப்பிடலாம்; 100 கிராமில் சுமார் 46 கலோரிதான். உலர்பழத்திலோ 240 கலோரி வரை இருப்பதால் அளவு முக்கியம்.

கோடைக்காலத்தில் கொடைக்கானல், நீலகிரிச் சாலையோரங்களில் கூறுகட்டி விற்கும் கருஞ்சிவப்புப் பழங்களை வாங்கினால், தோலை உரிக்க வேண்டாம். நாக்கைச் சுருக்கும் அந்தப் புளிப்புத் தோலில்தான் ஆந்தோசயனின் என்னும் நிறமி செறிந்திருக்கிறது.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், உலர்பழத்தில் வைட்டமின் கே கணிசமாக இருப்பதால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைத் தொடர்ந்து உண்ண வேண்டும்.