கரஸில் கிடைக்காத படிப்பு

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறாள். கவுன்சிலிங் வேலையில் விருப்பம் இல்லை, மேலே ஆராய்ச்சிப் படிப்புதான் படிப்பேன் என்கிறாள். ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். வீட்டிலிருந்தே கரஸில் 'ரிசர்ச் எம்.எஸ்சி.' படிக்கலாம், கூடவே எம்.ஃபில். பட்டமும் வாங்கித் தருகிறோம், தீசிஸையும் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். மொத்தம் 1,40,000 ரூபாய். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. நாளைக்கே போய் அந்த 5,000 ரூபாயையும் திரும்பக் கேளுங்கள். அவர்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உங்கள் மகளுக்கு உதவாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கரஸ். உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது நடைமுறை. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் வந்த சட்டத்தின் கீழ் உளவியலையும் கொண்டுவந்ததால் இந்தத் தடை. ஆகவே இன்று உங்கள் மகளைப் புதிதாகக் கரஸில் உளவியல் முதுகலை சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தே உங்கள் பணத்தை வாங்குகிறார். இந்த அறிவிப்பு வெளியே தெரிந்ததே ஆகஸ்ட் மாதம்தான், பல இடங்களில் சேர்க்கை தொடங்கிய பிறகு. எத்தனையோ குடும்பங்களின் பணத்தைத் தொடும் ஒரு முடிவை இவ்வளவு தாமதமாக, அதுவும் ஒரு இணையதளத்தின் மூலையில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டுப் போனால் பட்டறைக்காரருக்கும் பேருந்து நடத்துநருக்கும் எப்படித் தெரியும்? அந்த இடைவெளியில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

இரண்டாவது எம்.ஃபில். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருந்த ஆராய்ச்சிப் பட்டம் அது. அந்தப் பட்டமே இப்போது இல்லை. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளோடு அது முடிந்துபோனது. 2023 டிசம்பரில் 'யாரும் சேராதீர்கள்' என்று தனியாக எச்சரிக்கையும் விட்டார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு தந்தார்கள். ஏஜென்டுகள் அதைக் காட்டித்தான் பேசுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி என்ற இரண்டு பிரிவுகளில் மட்டும் எம்.ஃபில். சேர்க்கையை 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தார்கள். அந்தச் சுற்றறிக்கையின் நகலை உங்கள் முன் வைத்து, "பாருங்கள், உளவியலில் எம்.ஃபில். உண்டு என்று அரசாங்கமே சொல்கிறது" என்பார்கள். சுற்றறிக்கை உண்மைதான், பேச்சுதான் பொய். மருத்துவ உளவியல் எம்.ஃபில். என்பது மருத்துவமனையில் இருந்து கற்கும் படிப்பு. முதுகலை முடித்த பிறகு, நுழைவுத்தேர்வு எழுதி, இரண்டு வருடம் முழுநேரமாக, மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அதை நடத்தும் இடத்துக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரை மருத்துவ உளவியலாளர் என்று ஏற்கிறதோ, அந்தத் தகுதிக்கான பாதை அது. வீட்டில் உட்கார்ந்து படிக்கவே முடியாது. எம்.எஸ்சி.யோடு இலவச இணைப்பாக வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது சிகிச்சை தருபவருக்கான பயிற்சி. உங்கள் மகள் கேட்பது அது இல்லை. சிகிச்சையிலும் ஆசை உண்டு என்று பிறகு அவள் சொன்னால், மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

மூன்றாவது, தீசிஸைப் பார்த்துக்கொள்வது. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்கு வைவா, அதாவது ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு, எடுக்கப் போயிருந்தேன். ஒரு மாணவி, கொலுசுத் தொழிலில் இருக்கும் பெண்களின் மன அழுத்தம் பற்றி அழகாக பைண்டிங் செய்த ஆய்வேட்டை வைத்தாள். 150 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியதாக எழுதியிருந்தது. தாள்களைக் கேட்டேன். 150 தாளிலும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் டிக். ஒரு அடித்தல் இல்லை, ஒரு கேள்வி விட்டுப்போகவில்லை. நிஜமான ஆட்கள் நிரப்பிய தாள் அப்படி இருக்காது. பாதியில் குழந்தை அழுதால் எழுந்து போவார்கள், கணவரைப் பற்றிய கேள்வியைத் தாண்டிவிடுவார்கள். "எந்தத் தெருவில் எடுத்தாய் அம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "பற்றவைக்கிறவர்களா, மணி கோர்க்கிறவர்களா?" கண் கலங்கிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் ஒரு கடையில் செய்தது என்று பிறகு சொன்னாள். நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். கடைசி செமஸ்டரில் மூன்று மாதம் இருக்கும்போது தலைப்பைக் கொடுத்து, ஒரே ஆசிரியருக்குக் கீழே பெருங்கூட்டத்தைத் தள்ளிவிட்டால், பிள்ளைகள் கடையைத் தேடித்தான் போவார்கள். ஆனால் அவள் இரண்டு வருடம் படித்தும் ஆராய்ச்சி என்ன என்று தெரியாமல் வெளியே போனாள். எந்தச் சான்றிதழும் அதை ஈடுகட்டாது.

நிஜமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என் மாணவன் ஒருவனைச் சொல்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களிடம் மனச்சோர்வு பற்றிக் கேட்கப் போனான். கையில் இருந்தது மனச்சோர்வை அளக்க 1965இல் அமெரிக்காவில் வந்த ஸங் அளவுகோல். 20 கேள்வி. அதில் முதல் வரியிலேயே 'டவுன்ஹார்ட்டட் அண்ட் ப்ளூ' என்று வரும். ஆங்கிலத்தில் 'ப்ளூ' என்றால் இங்கே வருத்தம். அவன் அவசரத்தில் 'நீலமாக உணர்கிறேன்' என்று தமிழில் எழுதிக்கொண்டு போய்விட்டான். ஒரு அம்மா, "குளிர்ல உதடு நீலமாவுதே, அதைக் கேக்குறியா சாமி?" என்றாராம். திரும்பி வந்து 'மனசு பாரமாக இருக்கிறது' என்று மாற்றினான். சரி, அர்த்தம் மாறவில்லையா என்று பார்க்க, மூலத்தையே பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து அதை மறுபடி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். பரவாயில்லாமல் வந்தது. அப்புறம் பத்துப் பெண்களிடம் வாசித்துக் காட்டினான். அதில் இரண்டு பேர் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஏத்தத்துல கூடை தூக்கிட்டு ஏறினா இங்க பாரமாத்தான் இருக்கு" என்றார்கள். மனசின் பாரத்தைக் கேட்டோமா, மூச்சு வாங்குவதைக் கேட்டோமா? அந்த ஒரு வரியைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அவன் கற்றதை எந்தப் புத்தகத்திலும் நான் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. உங்கள் மகள் ஆசைப்படுவது இந்த வேலைக்குத்தான்.

ஆகவே 'ரிசர்ச் எம்.எஸ்சி.' என்ற பெயரைத் தேடாதீர்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் பட்டம் எம்.எஸ்சி., எம்.ஏ. என்றுதான் வரும். அதற்குள் ஆராய்ச்சி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆய்வு முறை, புள்ளியியல், சோதனைக்கூடம், சொந்தமாக ஒரு ஆய்வேடு, இந்த நான்கும் உண்டா, எந்த செமஸ்டரில், எத்தனை கிரெடிட்? பாடத்திட்டத்தைத் துறையின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கருப்பூர் அருகே பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. கோவையில் பாரதியார், சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இவற்றிலும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் க்யூட் பி.ஜி. என்ற நுழைவுத்தேர்வு வழியாக எடுக்கின்றன. நினைவு, கவனம், மொழி போன்றவற்றில்தான் அவளுக்கு ஆர்வம் என்றால் ஐ.ஐ.டி. காந்திநகரில் அறிதிறன் அறிவியல் என்ற எம்.எஸ்சி. இருக்கிறது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளியியல் என்றதும் பயப்பட வேண்டாம், விலை கொடுத்து மென்பொருளும் வாங்க வேண்டாம். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம். இப்போதிருந்தே பழகலாம்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவலை அதுதான் என்று தெரிகிறது. முதுகலைக்கு உங்கள் கைப்பணம்தான் போகும். அதற்குப் பிறகு நிலைமை மாறும். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் யு.ஜி.சி. நெட் தேர்வில் உளவியல் ஒரு பாடம். இரண்டு தாள் சேர்த்து 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி. சேரவும் பல இடங்களில் இந்த நெட் மதிப்பெண்ணையே கேட்கிறார்கள். இதற்கெல்லாம் முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தோர் போன்ற இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. "பிஎச்.டி.க்கு கைடு பிடித்துத் தருகிறோம்" என்றும் அதே கன்சல்டன்சி அடுத்து வரும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பிஎச்.டி. மாணவர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது, உதவிப் பேராசிரியருக்கு நான்குதான். அந்த இடத்தை ஒரு ஏஜென்ட் விற்க முடியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. படிக்கும்போதே பேப்பர், அதாவது இதழில் ஆராய்ச்சிக் கட்டுரை, போட்டால் நல்லது என்று சொல்லி, மூன்று நாளில் அச்சிட்டுத் தருகிறோம், 3,000 அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். 'யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்' என்று முகப்பில் போட்டிருப்பார்கள். நல்ல இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. நல்ல இதழில் துறை தெரிந்தவர்கள் கட்டுரையைப் படித்துத் திருத்தம் கேட்பார்கள், அதற்கே மாதங்கள் ஆகும். மூன்று நாளில் யாரும் படித்திருக்க முடியாது.

வெளிநாடு இப்போதைக்கு வேண்டாம். நெதர்லாந்தில் 'ரிசர்ச் மாஸ்டர்' என்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, நல்ல படிப்பு. ஆனால் மூன்று வருட இளங்கலையோடு இங்கிருந்து நேராகப் போவதைவிட, இங்கே ஒரு ஆய்வை உருப்படியாக முடித்துவிட்டு, சம்பளத்தோடு பிஎச்.டி. தரும் இடமாகப் பார்த்து விண்ணப்பிப்பது உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

நீங்கள் டச், அதாவது வெள்ளியின் தரம், பார்க்காமல் வெள்ளி வாங்க மாட்டீர்கள். படிப்பும் அப்படித்தான். சேர்க்கைக்கு முன் ஒரு நாள் பட்டறையை மதியத்தோடு மூடிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு துறைக்கே போய் வாருங்கள். கடைசியாகப் படித்து முடித்தவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் வைத்திருப்பார்கள், இரண்டைப் புரட்டிப் பார்க்கட்டும். தலைப்பை எந்த செமஸ்டரில் தருவீர்கள், ஒரு ஆசிரியரிடம் எத்தனை மாணவர்கள், நெறிமுறைக் குழு உண்டா என்று அவளே கேட்கட்டும். நீங்கள் பேச வேண்டாம். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகள் யாராவது மரத்தடியில் இருந்தால் அவர்களிடமும் பேசட்டும். கட்டணம் கட்ட வேண்டிவந்தால் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும், மகளின் பெயரில் ரசீதோடு கட்டுங்கள்.

கன்சல்டன்சியில் 5,000 ரூபாயைத் தர மறுத்தால், அவர்கள் சொன்ன மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். போட மாட்டார்கள். அதன் பிறகு சேலம் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய ஜிபே விவரத்தை மட்டும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.